பாய் நழுவாதிருக்க
(பொம்மையார்பாளையக் கடற்கரை முகாமை முன்வைத்து)

பாய் என்னும் சொல் தமிழில் பெயராகவும் வினையாகவும் வழங்குவது. பெயராக நிற்கையில் படுக்கும் விரிப்பைக் குறிக்கும்; மரக்கலத்தில் காற்றைப் பிடிக்க ஏற்றிய விரிப்பையும் குறிக்கும். வினையாக நிற்கையில் தாவுதல், விரைதல், பரவுதல் எனப் பல பொருள் தரும். சிறிய பாய்க்குத் தடுக்கு என்று பெயர். கால் தடுக்கி விழுந்தான் என்பதும் நம் பேச்சு வழக்கே. சொல்லாராய்ச்சி ஒருபுறம் இருக்க, முகாம்களில் பாய் விரித்துப் படுத்தெழுந்த மாணவர்களைக் கேட்டால், பாய் பாயத்தான் செய்கிறது என்றும், தடுக்கு தடுக்கத்தான் செய்கிறது என்றும் ஒருமித்துச் சாட்சி கூறுவர். இரவில் சுவரோரம் படுத்தவர் விடியலில் கூடத்தின் நடுவே கிடப்பதும், தலைமாட்டில் வைத்த கைக்கடிகாரம் எங்கோ கிடப்பதும் நகைப்புக்கு உரியனவாகத் தோன்றலாம். ஆயினும் இதில் நகைப்பைக் கடந்த செய்தியும் உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் சிறப்பு முகாம்களில் மாணவர் ஏழு நாள் ஓர் ஊரில் தங்கித் தொண்டாற்றுவர். தங்குமிடம் பெரும்பாலும் அவ்வூர்ப் பள்ளிக்கூடமே. வகுப்பறையின் சிமென்ட் தரை, அண்மைக் காலத்தில் பதிக்கப்பெற்ற வழவழப்பான ஓடு, மொட்டைமாடி, தோப்பில் விரித்த தார்ப்பாய் ஆகிய நான்கில் ஒன்றின்மேல்தான் பாய் விரிக்க நேர்கிறது. நான்கும் பாய்க்கு ஒத்துவராத இடங்கள் என்பதே இதில் வேடிக்கை.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த பொம்மையார்பாளையம் இச்செய்தியை விளக்க ஏற்ற களமாகும். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் இது. மயிலம் பொம்மபுர ஆதீனத்தோடு தொடர்புடையது. ஊருக்கு மேற்கே ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேட்டுநிலம் உயர்ந்து நிற்கிறது. மழைநீர் அம்மேட்டிலிருந்து கிழக்கே கடலை நோக்கி ஓடி ஓடி மண்ணை அரித்து ஓடைகளையும் பள்ளங்களையும் உண்டாக்கியுள்ளது. ஆகவே இங்கே நிலம் பொதுவாக மேற்கே உயர்ந்து கிழக்கே தாழும். கடற்கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்புகள். வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். சரிவு, மணல், சவுக்குச் சருகு, உப்புக்காற்று ஆகிய நான்கும் பாயின் நழுவலுக்குத் துணை செய்வன. எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

இது மாணவர் முகாமுக்கு மட்டும் உரிய சிக்கலா எனின், அன்று. இக்கடற்கரை மக்கள் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலையும் கண்டவர்கள். அத்தகைய நாட்களில் பள்ளிக்கூடங்களும் புயல் பாதுகாப்பு மையங்களும் திருமண மண்டபங்களும் தங்குமிடங்களாகின்றன. நனைந்த கால்களோடு மக்கள் நடமாடும் ஓடு பதித்த தரையில், அரையிருளில், நெகிழிப் பாய்கள் நெருக்கமாக விரிக்கப்படுகின்றன. நள்ளிரவில் எழும் முதியவர் ஒருவர் பாயின் ஓரத்தில் காலூன்றுகிறார், பாய் வழுகுகிறது. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது எத்துணை அரிது என்பதை மருத்துவர் அறிவர், இல்லத்தாரும் அறிவர். நோயுற்று எழமாட்டாதவரைப் பாயும் படுக்கையுமாகக் கிடக்கிறார் என்கிறோம். அந்நிலைக்கு அந்தப் பாயே காரணமாதல் கொடுமையன்றோ?

மற்றோர் இடரும் உண்டு. கொசுவர்த்திச் சுருளைப் பாயின் அருகே வைத்து உறங்குவது முகாம்களில் இயல்பு. இன்று விற்கப்படும் நெகிழிப் பாய்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் என்னும் பொருளால் ஆனவை. அது ஏறக்குறைய 160 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். சுருளின் கனலும் முனை அதனினும் பன்மடங்கு வெப்பமுடையது. இரவு பத்து மணிக்கு ஒரு முழம் தள்ளி வைத்த சுருள் அதிகாலையிலும் ஒரு முழம் தள்ளியே இருக்கும் என்பதற்கு, நழுவும் பாயில் உறுதி இல்லை.

உராய்வின் இயல்பு

பாயை நிலத்தோடு பிடித்து நிறுத்துவது உராய்வு. ஒரு பொருள் அசையாது கிடக்கையில் அதனைத் தடுத்து நிற்பது நிலை உராய்வு. நகரத் தொடங்கியபின் தடுப்பது இயக்க உராய்வு. பொதுவாக முன்னது பின்னதினும் சற்று மிகுதி. கிடந்த பீரோவைத் தள்ளத் தொடங்குவது அரிதாகவும், நகர்ந்தபின் தள்ளுவது சற்று எளிதாகவும் இருப்பது இதனாலேயே. உராய்வு எடைக்கு ஏற்பக் கூடும் என்னும் விதியைப் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1699இல் வெளியிட்டார். மின்னியலில் நாம் நன்கறிந்த கூலூம் என்பாரும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை விரிவாக ஆய்ந்தவரே.

இவ்விதியிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். எடை கூடினால் கீழே இழுக்கும் விசையும் கூடும். தடுக்கும் உராய்வும் அதே அளவில் கூடும். எனவே பருத்தவர், மெலிந்தவர் என்னும் வேறுபாடின்றி இருவர் பாயும் ஒரே சாய்வில்தான் நழுவத் தொடங்கும். இதனை ஒரு பலகைகொண்டு எவரும் செய்து பார்க்கலாம். பலகையின்மேல் தார்ப்பாய்த் துண்டை இறுக்கி ஒட்டி, அதன்மேல் பாய்த் துண்டும் ஒரு செங்கல்லும் வைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்குக. பாய் நழுவும் நிலையில் பலகையின் உயரத்தைத் தரைமட்ட நீளத்தால் வகுத்தால் வருவது உராய்வுக் குணகம். தரைமட்டத்தில் 100 செ.மீ.க்கு உயரம் 30 செ.மீ. ஆனபோது நழுவினால் குணகம் 0.3 ஆகும். ஒரு செங்கல் வைத்தாலும் இரண்டு வைத்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றே.

இங்கே ஓர் ஐயம் எழும். முகாமில் நாம் படுக்கும் தரை அத்துணைச் சாய்வுடையதன்றே? ஐந்து பாகைச் சாய்வு என்பதே படுப்பவர் உணரத்தக்க சாய்வு, 100 செ.மீ.க்கு ஏறக்குறைய 9 செ.மீ. ஏற்றம். அச்சாய்வில் 60 கிலோ எடையுள்ளவரைக் கீழே இழுக்கும் விசை சற்றொப்ப 5 கிலோ எடைக்குச் சமம். குணகம் 0.3 எனில் உராய்வோ 18 கிலோ எடையளவு வரை தடுக்க வல்லது. கணக்கின்படி பாய் அசையவே கூடாது. ஆயினும் அசைகிறது.

காரணம் உறங்குபவரின் புரளல். உராய்வுக்கு ஒரு குணம் உண்டு: பொருள் எத்திசையில் நகர்கிறதோ அத்திசைக்கு நேரெதிராகவே அது செயற்படும். ஒருவர் புரண்டு படுக்கையில் முழங்கையாலும் குதிகாலாலும் பாயைப் பக்கவாட்டில் உந்துகிறார். அந்த நொடியில் உராய்வு தன் ஆற்றலைப் பக்கவாட்டு நகர்வைத் தடுப்பதிலேயே செலவிடுகிறது. சரிவை நோக்கிய சிறு இழுப்பைத் தடுக்க ஆளில்லாமற் போகிறது. உடனே பாய் பக்கவாட்டில் நகர்வதோடு சற்றே கீழ்நோக்கியும் இறங்குகிறது. இறுகிய தக்கையை நேரே இழுத்தால் வாராது. திருகிக்கொண்டே இழுத்தால் எளிதில் வரும். வீட்டில் பெண்டிர் நாள்தோறும் செய்யும் இச்செயலில் உள்ள இயற்பியலும் பாய் நழுவும் இயற்பியலும் ஒன்றே. ஒரு புரளலுக்கு ஒரு விரலகலம் என்று கொள்வோம். இருபது முறை புரண்டால் ஏறக்குறைய ஒரு முழம். சரிவு பாயை இழுப்பதில்லை, நாமே தள்ளுகிறோம், சரிவு திசை காட்டுகிறது என்று சொன்னாலும் பிழையில்லை.

தரை சமமாக இருப்பின் நகர்வு எத்திசையிலும் அமையும். இதனால்தான் ஓடு பதித்த வகுப்பறையில் விடியலில் பாய்கள் நாற்புறமும் கோணிக் கிடக்கின்றன. மொட்டைமாடி சமமானது என்று எண்ணுவோரும் உளர். மழைநீர் வடிவதற்காகக் கொத்தனார் அதற்கு வாட்டம் கொடுத்திருப்பார். நீர் எப்புறம் வடியுமோ பாயும் அப்புறமே நகரும். கைப்பிடிச் சுவர் எழுப்பாத மாடியில் படுக்கை விரிக்க இடந்தரலாகாது என்பதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

கடற்கரையின் பங்கு

இனி, முன்னே குறித்த நான்கினுள் உப்புக்காற்றை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் அடுக்களை உப்புச்சாடி கசிவதை அறியாதார் இலர். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு என்னும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடல்நீரில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு ஏறக்குறைய 33 விழுக்காட்டிலேயே கசிந்துவிடும். கடற்கரையில் இரண்டு நாள் விரித்துக் கிடந்த தார்ப்பாயின்மேல் கண்ணுக்குப் புலப்படாத உப்புப்படலம் படிந்திருக்கும். பகல் வெயிலில் அது உலர்ந்து கிடக்கும். இரவில் ஈரம் ஏற ஏறப் பிசுபிசுத்து மெல்லிய நீர்ப்படலமாகும். மழையும் பெய்யவில்லை, பனியும் கொட்டவில்லை, தார்ப்பாய் ஏன் நனைந்தது என்று மாணவர் வியப்பது இதனால்தான். நெகிழியின்மேல் நெகிழி, நடுவே நீர்ப்படலம் என்றால் அது வழுக்குவதற்கென்றே செய்தது போன்றதாகும். மாலையில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தார்ப்பாயை ஒருமுறை துடைத்து உலரவிட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். துடைத்தால் போதும், குடம் குடமாக நீர் ஊற்றிக் கழுவ வேண்டியதில்லை.

மணலின் இயல்பு இருவகைப்பட்டது. ஆழ்ந்த மணலின்மேல் நேரே விரித்த பாய் நழுவுவதில்லை; உடலின் எடைக்கு மணல் குழிந்து பாயைப் பற்றிக்கொள்ளும். தரையின்மேல் சிதறிய மணலோ நேர்மாறானது. சிமென்ட் தரைக்கும் பாய்க்கும் இடையே அகப்பட்ட மணற்பரல்கள் உருளைகளாகிப் பாயைச் சுமந்து செல்கின்றன. முகாமில் மாலைதோறும் தரையைப் பெருக்குவது தூய்மைக்கு மட்டுமன்று. சவுக்குத் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் ஊசிச்சருகு மெத்தென்று தோன்றும். உலர்ந்த சருகு சரிவில் ஒன்றன்மேல் ஒன்று வழுகும். மெத்தென்ற படுக்கை வேண்டுவோர் அதனைச் சாக்குப்பைக்குள் திணித்து வாய் தைத்துப் பயன்படுத்தலாம். வெறுந்தரையில் பரப்புதல் கூடாது.

படுக்கும் திசை

சரிவு தவிர்க்க இயலாததாயின் தலை மேட்டுப்புறமும் கால் தாழ்புறமும் அமையப் படுத்தல் வேண்டும். சரிவுக்குக் குறுக்கே படுத்தால் உடல் உருளும். தலை தாழ்ந்தால் தலைவலியே மிஞ்சும். பொம்மையார்பாளையத்தில் மேடு மேற்கு ஆதலின் தலை மேற்கிலும் கால் கிழக்கிலும் அமையும். மேற்கே கால் நீட்டாத நம்மவர் வழக்கத்துக்கும், வடக்கே தலைவையாத தமிழர் வழக்கத்துக்கும் இது ஒருசேர இணங்கி வருவது மகிழ்ச்சிக்குரியது.

கோரைப்பாயின் நெசவும் இத்திசைக்குத் துணைநிற்கிறது. வந்தவாசிப் பாயாயினும், தாமிரபரணிக் கரையில் லெப்பை முஸ்லிம் மக்கள் நெய்து புகழ்பெற்ற பத்தமடைப் பாயாயினும், நூல் நீளவாட்டில் பாவாக ஓடும். கோரை குறுக்குவாட்டில் ஊடையாகச் செல்லும். பாயைத் திருப்பி விரலால் வருடிப் பார்த்தால் புலப்படும்: குறுக்குவாட்டில் விரல் வழுகிச் செல்லும், நீளவாட்டில் ஒவ்வொரு கோரையிலும் இடறும். சாக்கு, சமுக்காளம், மணல் போன்ற சொரசொரப்பான பரப்பின்மேல் அந்த இடறலே பிடிப்பாகிறது. ஆகவே நீளவாட்டம் சரிவை ஒட்டி அமையும்போது கோரைப்பாய் தன்னைத் தானே தடுத்துக்கொள்கிறது. வழவழப்பான ஓட்டின்மேல் இவ்வேறுபாடு பயன் தராது. அங்கே கோரையும் வழுகும். நெகிழிப் பாயின் குழல்கள் இன்னும் வழவழப்பானவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. விலை மலிவு, நனைந்தாலும் கெடாது, மடித்தால் கைக்குள் அடங்கும் என்பவற்றால் அது கோரைப்பாயை வீட்டை விட்டே விரட்டிவிட்டது. நெய்பவர் நிலையை எண்ணி வருந்துவதோடு, படுப்பவர் இழந்தது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

கொசுவர்த்திச் சுருளைப் பாயின் மேட்டுப்புறத்தில் வைக்க வேண்டும். பாய் நகர்ந்தாலும் சுருளைவிட்டு அகலுமேயன்றி அணுகாது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி நிலக்காற்று வீசும். அதாவது மேற்கிலிருந்து கிழக்கே. எனவே மேற்கே வைத்த சுருளின் புகை படுத்தவர்மேலேயே செல்லும். தலைக்கு நேரே வைக்காமல் ஓரமாக, மண்தட்டில் வைப்பது நலம்.

நழுவலைத் தடுக்கும் வழிகள்

எளியதும் சிறந்ததும் சணற்சாக்கு. தார்ப்பாய் அல்லது ஓட்டுத் தரையின்மேல் பிரித்துத் தைத்த சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் பருத்தி விரிப்பு. சாக்கின் சொரசொரப்பு இருபுறமும் பற்றும்; தரையின் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். அரிசி வரும் மூட்டைகள் இன்று பெரும்பாலும் நெகிழி நூலால் நெய்யப்பட்டவை. அவை இதற்கு ஆகா. விரித்தால் முன்னினும் மிகுதியாக வழுக்கும். சாக்கு கிடைக்காவிடில் பழைய பவானிச் சமுக்காளம் போதும். பல அடுக்குகள் அமைந்த படுக்கையில் எந்த அடுக்கின் பிடிப்பு மிகக் குறைவோ அந்த அடுக்கே நழுவும் என்பதை நினைவிற் கொள்க. பாயைத் தரையோடு ஆணியடித்தாற்போல் நிறுத்திவிட்டு, அதன்மேல் நைலான் உறக்கப்பையை விரித்துப் படுத்தால், பாய் இருந்த இடத்திலேயே இருக்கும். படுத்தவர் மட்டும் இறங்கிப்போவார்.

அடுத்தது இரப்பர். மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் கழித்துப்போட்ட டியூப்பை நீளவாட்டில் பிளந்து, இரண்டு விரலகல நாடாக்களாக நறுக்கி, நெகிழிப் பாயின் அடிப்புறத்தில் குறுக்காக நான்கைந்து இடங்களில் கோணி ஊசியால் தைத்துவிடலாம். தைப்பதற்கு முன் சோப்புநீரில் கழுவ வேண்டும்; டியூப்பில் தூவியிருக்கும் வெண்பொடி போகாவிடில் பிடிப்பு இராது. மேனாடுகளில் கூடாரமடித்துத் தங்குவோர் மென்பாயின் அடியில் சிலிக்கான் பசையால் கோடுகளோ புள்ளிகளோ இட்டு உலரவிடுகின்றனர். குளியலறை இடுக்குகளை அடைக்க நம் ஊர் வன்பொருள் கடைகளில் குழாயில் விற்கும் பசையே அது. காற்றின் ஈரத்தால் இறுகி, இரப்பரைப் போன்ற பிடிப்பைத் தரும். முழுமையாக இறுக ஒருநாள் ஆகும். அதுவரை சுருட்டினால் பாய் பாயோடு ஒட்டிக்கொள்ளும். நுரைப்பாய்க்கும் நைலான் துணிக்கும் இது ஏற்றது. பாலிபுரொப்பிலீன் பாயில் சிலிக்கான் உறுதியாக ஒட்டுவதில்லை. இரண்டு இரவில் உரிந்துவரும். அதற்கு டியூப் நாடாவே தக்கது. இரப்பராயினும் சிலிக்கானாயினும் மணலும் தூசியும் படிந்தால் பிடிப்பை இழக்கும். அவ்வப்போது ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மணற்பரப்பிலோ செம்மண் தரையிலோ தங்குவோர்க்குத் தரையே துணை. விரிக்கும் முன் இடுப்பும் தோளும் அமையும் இடங்களில் உள்ளங்கையளவு ஆழத்துக்குச் சிறிது மண்ணை வழித்து, அம்மண்ணைக் காலடியில் வரப்பாகக் குவித்துவிட்டால் உடல் தன் குழியில் அமர்ந்துகொள்ளும். வரப்பின்மேல் துணிமூட்டையைக் கிடத்தலாம். தார்ப்பாய் நகராதிருக்க அதன் மூலையில் ஒரு கூழாங்கல்லை உள்ளடக்கிக் கயிற்றால் கழுத்துப்போல் கட்டி, கயிற்றின் மறுமுனையை முளையில் பிணைக்கலாம். துணியைத் துளையிட வேண்டாம், கிழியவும் செய்யாது. முளைகளும் கயிறுகளும் நடைவழியில் அமையாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இருளில் கயிற்றில் இடறி விழுந்தவரிடம் உராய்வு விதியை விளக்கிப் பயனில்லை.

புயற்காலத் தங்குமிடங்களில் இத்தனைக்கும் நேரம் இராது. அங்கே செய்யத்தக்கன சிலவே. முதியோரையும் கருவுற்ற தாய்மாரையும் சுவரோரம் படுக்கவைத்துப் பாயின் தலைப்புறம் சுவரைத் தொடுமாறு விரித்தல். அவர்தம் பாய்க்கு மட்டுமேனும் சாக்கோ சமுக்காளமோ அடியில் இடுதல். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் பாய் விரியாது இரண்டடி அகலம் விடுதல். வாயிலில் கால் துடைக்கச் சாக்கு போடுதல். ஒரு விளக்கை எரியவிடுதல். தொண்டர் இருவர் அரைமணி நேரத்தில் இவற்றைச் செய்து முடிக்கலாம்.

பாசறையில் உறக்கமின்றி இருந்த மன்னனை முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகிறது. அவன் உறங்காமைக்குக் காரணம் போரும், போரிற் புண்பட்டோர் நினைவுமேயன்றிப் பாய் அன்று. ஹஜ்ஜுக்குச் செல்லும் நம்மவர் முஸ்தலிஃபாவில் ஓரிரவைத் திறந்த வெளியில் கழிக்கின்றனர். அங்கே பலரும் விரிப்பது மடக்கு நெகிழிப் பாயையே. மலைகளிடையே அமைந்த நிலமாதலின் சரிவும் சரளையும் உண்டு. ஊரிலிருந்து புறப்படும்போதே டியூப் நாடா தைத்த பாயொன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டால், முதியவர்க்கு அவ்விரவு சற்றே எளிதாகும். நாடாக்கள் சேர்ப்பது சில நூறு கிராம் எடையே.

முகாம் முடிந்தபின் கோரைப்பாயை உப்பு ஈரத்தோடு சுருட்டி வைத்தலாகாது. பூசணம் பிடித்துக் கோரை கறுக்கும். ஈரத்துணியால் இருபுறமும் துடைத்து நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, நிறுத்தி வைக்க வேண்டும். கடும் வெயிலில் நெடுநேரம் கிடந்தால் கோரை நொறுங்கும். சாக்கை மட்டும் நன்றாக வெயிலில் காயவைக்கலாம்.